நெசவாளியின் வைத்தியமும் தரகர்களின் கூட்டும்

ஆரணியில் பட்டு நெய்கிறவனுக்கு உடம்புதான் முதல். அந்த முதல் நாளுக்கு நாள் தேய்கிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, விடிந்தது முதல் இருட்டும் வரை மிதிக்கிறான். இடுப்பும் முழங்காலும் நோகின்றன. மெல்லிய இழையையும் சரிகையையும் பார்த்துப் பார்த்துக் கண் மங்குகிறது. சாயப் பட்டறையில் நிற்கிறவன் கைத்தோல் வெடிக்கிறது. ஊடை சுற்றும் பெண்களுக்குத் தோளும் மணிக்கட்டும் மரத்துப்போகின்றன. சேவூரிலும் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் இதே கதைதான்.

இந்த நோய்களுக்கு யார் பொறுப்பு?

மில் தொழிலாளிக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1955-ல் கோவையில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்ட வேண்டும். நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். தொழிலால் வந்த நோய் வேலையில் பட்ட காயமாகக் கணக்காகும். நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் குறைகள் ஏராளம். ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகமில்லை.

பட்டு நெசவாளிக்கு முதலாளி யார்? பட்டும் சரிகையும் கொடுப்பவர் ஒருவர். டிசைன் சொல்பவரும் அவரே. சேலையை வாங்கிக் கொண்டு கூலி கொடுப்பவரும் அவரே. ஆனால் காகிதத்தில் அவர் வெறும் வியாபாரி! நெசவாளி "சொந்தத் தொழில்" செய்கிறவன்! தறி வீட்டுக்குள் இருப்பதால் வீடு தொழிற்சாலை ஆகாதாம்.

இந்த இடைவெளியில்தான் இன்ஷூரன்ஸ் நுழைந்தது. 2005-ல் மத்திய சர்க்கார் கைத்தறி நெசவாளர்களுக்கென்று ஒரு சுகாதார இன்ஷூரன்ஸ் திட்டம் கொண்டுவந்தது. ஐ.சி.ஐ.சி.ஐ. லொம்பார்ட் கம்பெனி அதை நடத்தியது. தவணைப் பணத்தில் பெரும்பங்கு சர்க்காருடையது. குடும்பத்துக்கு வருஷம் ரூ.15,000, அதில் ரூ.7,500 வரை, ஆஸ்பத்திரியில் படுக்காமலே வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்ளலாம். தொகை சிறிது, ஆனால் இடுப்பு வலிக்கும் கண்ணுக்கும் வைத்தியம் தேடுகிறவனுக்கு உபயோகமானது அந்த வெளிநோயாளிப் பகுதிதான். 2014-ல் அந்தத் திட்டம் முடிந்தது. நெசவாளர்களை ராஷ்டிரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவுக்கு மாற்றினார்கள். அதில் தொகை ரூ.30,000. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கான தொகை!  இன்று மாநில முதலமைச்சர் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் ரூ.5 லட்சம் என்கிறார்கள். இருதய ஆபரேஷனுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் தறிக்குழியில் தேயும் முழங்காலுக்கு?

ஏன் இப்படி நடக்கிறது? கூட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். 1999-ல் இன்ஷூரன்ஸ் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2001-ல் "மூன்றாம் தரப்பு நிர்வாகி"களுக்கு விதிகள் வந்தன. 2002-ல் தரகர்களுக்கு விதிகள் வந்தன. ஆஸ்பத்திரி, சிகிச்சைக்கு இன்ன விலை என்று ஒப்புக்கொள்கிறது. நிர்வாகி அதைப் பட்டியலில் சேர்த்து, கார்டு அடித்து, மனுக்களைப் பரிசீலித்து, கம்பெனியிடம் கட்டணம் வாங்குகிறான். தரகன் ஆட்களைத் திரட்டித் தந்து கமிஷன் வாங்குகிறான். ஒவ்வொருவரும் ஒன்று கொடுக்கிறார்கள், ஒன்று பெறுகிறார்கள். இந்த ஏற்பாட்டால் கைக்காசு இல்லாதவனும் ஆஸ்பத்திரிப் படியேற முடிகிறது என்பதும் உண்மையே.

ஆனால் இந்தக் கூட்டில் இல்லாதவர் யார்? நோயாளி! நோய் வந்தபிறகு நடக்கும் வியாபாரத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு. நோய் வராமல் தடுப்பதில் யாருக்கும் கமிஷன் இல்லை. தறிப்பலகையைச் சரியான உயரத்தில் அமைக்க, தறிக்கு நல்ல வெளிச்சம் தர, சாயம் தோய்க்கிறவனுக்குக் கையுறை தர எந்த நிர்வாகி பட்டியல் போட்டான்? படுத்த நாளின் கூலியை எந்தக் கார்டு தரும்?

இது நெசவாளியின் கவலை மட்டுமல்ல. ஆரணி அரிசி ஆலையில் உமித் தூசி உண்ணும் தொழிலாளியும் கேட்க வேண்டும். பத்துப் பேர் இருக்கும் ஆலையில் ஏழு பேரை மட்டும் மஸ்டரில் காட்டினால் ஈ.எஸ்.ஐ. போய்விடும். வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கோ மஸ்டரே கிடையாது.

எனவே நாம் கோருவது இதுதான்:

பட்டு கொடுத்துக் கூலி தருகிறவரே முதலாளி என்று சட்டம் சொல்லட்டும். சேலைக்கு இவ்வளவு என்று அவர் நெசவாளியின் வைத்திய நிதிக்குக் கட்டட்டும்.

வெளிநோயாளி வைத்தியமும், படுத்த நாளுக்கான கூலியும் திட்டத்தில் சேரட்டும்.

ஊடை சுற்றும் பெண், நெசவாளியின் மனைவி என்றல்லாமல் தொழிலாளி என்றே பதிவாகட்டும்.

ஆஸ்பத்திரியோடும் நிர்வாகியோடும் சர்க்கார் ஒப்பந்தம் பேசும்போது சங்கப் பிரதிநிதியும் உட்காரட்டும். ஒப்பந்தம் தமிழில் அச்சாகிக் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் ஒட்டப்படட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் தறிக்குடிசைக்கு வந்து, நோய்களைத் தொழில் வாரியாகக் கணக்கெடுக்கட்டும். கணக்கில் ஏறாத நோய்க்குச் சர்க்கார் காசு ஒதுக்காது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கார்டை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அதில் என்ன உண்டு, என்ன இல்லை என்று சங்கத்தில் கூடிப் படியுங்கள். மனுவைத் தள்ளினால் வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். கம்பெனியிடமிருந்து காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கைத்தறி பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதியாதவர் இருந்தால் உடனே பதியச் செய்யுங்கள். கண்ணாடிக்கு உதவி கேட்க அங்கே வழி உண்டு.

தரகனும் நிர்வாகியும் ஆஸ்பத்திரியும் தங்கள் லாபத்துக்காகக் கூட்டுச் சேரத் தெரிந்தவர்கள். நெசவாளியும் ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தங்கள் உடம்பைக் காக்கக் கூட்டுச் சேர ஏன் தயங்க வேண்டும்?