சாவியைத் திருப்பாதீர்கள்

2023 டிசம்பர் 17 இரவு, தூத்துக்குடி பிரையண்ட் நகரில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அதே மழை. விடிந்து பார்த்தால் என் ஆல்ட்டோவின் சீட்டுக்கு அடிவரை தண்ணீர். வண்டியின் முன்பக்கம் சரிவில் நின்றதால் பானட்டுக்குள் இன்னும் அதிகம். வடிவதற்கு நாலு நாள் ஆனது. வடிந்ததும் தெருவில் பலரும் செய்த முதல் காரியம், வண்டி ஓடுமா என்று சாவியைத் திருப்பிப் பார்த்ததுதான். நான் திருப்பவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, மெக்கானிக் அண்ணாச்சி வரும்வரை காத்திருந்தேன்.

எதிர்வீட்டுத் தம்பியின் காரும் சிறிய கார்தான், என்னுடையதைவிட எட்டு வருடம் இளையது. சாவியைத் திருப்பினான். ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம், அதோடு நின்றுவிட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏற முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். எஞ்சினைச் சரிசெய்யக் கேட்ட தொகை காரின் விலையைத் தாண்டியது. வண்டி காயலான் கடைக்குப் போனது. இன்னும் கடன் தவணை பாக்கி இருந்தது அவனுக்கு.

என் காரில் அண்ணாச்சி முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். பிறகு எஞ்சினைக் கையாலேயே சுற்றினார். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீச்சி அடித்தது. எஞ்சின் ஆயிலைத் திறந்துவிட்டபோது பால் கூடிய டீ மாதிரி வந்தது. இரண்டு தடவை ஆயில் மாற்றி, கியர் ஆயில், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாம் புதிதாகப் போட்டு, சீட்டுகளை மொட்டை மாடியில் காயவைத்து, மொத்தம் 11,000 ரூபாய் ஆனது. 2004இல் வாங்கிய அந்தக் காரில்தான் இன்றும் திருச்செந்தூர் போய்வருகிறேன்.

விலை குறைந்த கார் என்றால் சீக்கிரம் படுத்துவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினோடு 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2014 தொடக்கம் வரை அந்தக் கார் தயாரானது. அதே அளவு எஞ்சின்தான் ஆம்னி வேனிலும், என் ஆல்ட்டோவிலும். ஒரே மாதிரி எஞ்சின் இத்தனை ஆண்டுகள் ஓடியதால், எந்த ஊர் முக்கிலும் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார், சாமானும் கிடைக்கும். இப்படிப்பட்ட வண்டி வயதானதால் சாவதைவிட, உரிமையாளருக்குத் தெரியாமல் போன இரண்டு மூன்று சின்ன விஷயங்களால் சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நானும் அப்படி ஒரு தவறு செய்தவள். 2009இல் திருநெல்வேலி போகும் வழியில், வல்லநாடு தாண்டும்போது சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறி நின்றது. பானட்டிலிருந்து ஆவி. எஞ்சின் ஹெட் கோணிவிட்டது. அண்ணாச்சி ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். வெள்ளைச் சுண்ணாம்பும் துருவும் கலந்த சேறு விழுந்தது. “என்ன டீச்சர், வீட்டு போர் தண்ணியவா ஊத்துனிய? அத நீங்க வாயில வைப்பியளா?” என்றார். இரண்டு வருடமாக அதைத்தான் ஊற்றியிருந்தேன். பிளஸ் ஒன் வகுப்பில் ஆண்டுதோறும் நீரின் கடினத்தன்மை நடத்துகிறவள் நான். கால்சியம் பைகார்பனேட் சூடானால் கார்பனேட்டாகிப் படியும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறேன். உப்பளத்து ஊர் நிலத்தடி நீரில் குளோரைடும் சேர்ந்தால் உலோகம் அரிப்பதற்குக் கேட்கவா வேண்டும்? கூலன்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. எத்திலீன் கிளைக்காலோடு, துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் உண்டு. அந்த மருந்து நாள்பட நாள்படத் தீர்ந்துபோகும் என்பதால்தான் அதை மாற்றச் சொல்கிறார்கள். சில நூறு ரூபாய் கூலன்ட் செய்திருக்கவேண்டிய வேலைக்கு, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புது ரேடியேட்டரும் வாங்கினேன்.

அன்றிலிருந்து ஆயுதபூஜைக்கு முந்தின நாள் என் காருக்கு உரியது. சந்தனமும் குங்குமமும் மறுநாள்தான். முதல் நாள் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும், கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. என்னைப்போல் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விடும், அதனால் தேய்மானத்தைவிட வயதைத்தான் பார்ப்பேன். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. மண் அடைத்தால் உப்புக்காற்று ஊரில் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அதைக் குத்தி எடுக்கத் தென்னை ஈர்க்கு போதும். டைமிங் பெல்ட் மட்டும் என் கைக்கு வராது. எந்த கிலோமீட்டரில் மாற்றியது என்று நோட்டில் எழுதிவைத்து அண்ணாச்சிக்கு நினைவுபடுத்துவேன்.

இவற்றில் ஒன்றைக்கூட யாரும் எனக்கு முறையாகச் சொல்லித்தரவில்லை. ஓட்டக் கற்றுத்தந்த பள்ளியில் ஒருநாள்கூட பானட்டைத் திறக்கவில்லை. லைசென்ஸ் தேர்வில் எட்டு போடச் சொன்னார்கள், ஆயில் குச்சி எங்கே என்று கேட்கவில்லை. காரோடு வந்த கையேடு முழுக்க ஆங்கிலம். தமிழ்நாட்டில் கார் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் கையேட்டைத் தமிழில் தரவேண்டும், அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பருவமழைக்கு முன்னால் ‘நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று ஒரு வரி அறிவிப்பு வந்திருந்தால் அந்த டிசம்பரில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மிஞ்சியிருக்கும். 15 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினார்கள். 2024இல் நானும் கட்டினேன். வண்டியைப் பேணியவருக்கும் பாழாக்கியவருக்கும் ஒரே கட்டணம். வயதுக்குக் கட்டணம் வசூலிக்கிற அரசு, வண்டியை வயதாகாமல் காக்கக் கற்றுத்தருவதற்கு என்ன செய்கிறது?

எதிர்வீட்டுத் தம்பி போன மாதம் மறுபடியும் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறான். கையேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “டீச்சர், இத கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க” என்றான். சொன்னால் மறந்துவிடும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னேன். ஞாயிறுதோறும் நான் சொல்ல அவன் எழுதுகிறான். கூலன்ட் முடிந்துவிட்டது. இந்த வாரம் பிரேக் ஆயில்.