ஆறு மணி வரை யார் பார்ப்பது?

இரண்டரை வயசுப் பிள்ளையைச் சேர்க்கப் போகும் ஆத்தூர்ப் பெற்றோர் முதலில் கேட்பது, ‘ரைம்ஸ் சொல்லித் தருவீங்களா?’ அடுத்தது, வேன் வீட்டு வாசலுக்கு வருமா என்பது. ஒன்றுக்குப் போனால் யார் கழுவிவிடுவார்கள், ஓர் அறையில் எத்தனை பிள்ளைகள், அழுதால் யார் தூக்குவார்கள் என்று கேட்க நமக்கே கூச்சம். பணம் கட்டிச் சேர்க்கும் இடத்தில் இதையெல்லாமா கேட்பது என்று நினைக்கிறோம். அந்த வயசுக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறு கிடையாது.

உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக ஒரு விளையாட்டுப் பள்ளியைப் பார்க்கப் போனேன். கடைக்கு மேலே மாடி. சுவர் முழுக்கக் கரடியும் முயலும். படிக்கட்டில் இரும்புக் கிரில், அதில் பூட்டு. சாவி கீழே கடைக்காரரிடம். ‘பிள்ளைங்க இறங்கிடக் கூடாதுல்ல சார்’ என்றார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோன பிறகும் இப்படியொரு பூட்டு. உறவுக்காரப் பெண் அதைக் கவனிக்கவே இல்லை. கட்டணத்தில் புத்தகம் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தைக் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வயசுக்குக் கீழே பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் இருபது பிள்ளைகளுக்கு ஒருவர். எந்த இடத்துக்குப் போனாலும் தலையை எண்ணிப் பார்த்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

இனி பால்வாடி. அங்கன்வாடி என்று பலகையில்தான் இருக்கிறது. ஊரில் இன்னும் பால்வாடிதான். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-ல் கொடுத்த அறிக்கை வழிகாட்ட, 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவும் வந்து சேர, தமிழ்நாட்டில் அது வேர் பிடித்தது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். காசு வாங்கும் இடங்கள் பலவற்றில் இல்லாத இரண்டு இங்கே உண்டு. ஒன்று, எடைக்கருவி. பிள்ளை இளைத்தால் ஏட்டில் தெரிந்துவிடும். இன்னொன்று, ஆயாம்மா. நான் பார்த்த ஒரு மையத்தில், சாப்பாட்டு நேரத்தில் முட்டையை உரித்து ஒவ்வொரு தட்டிலும் வைத்துக்கொண்டே வந்த ஆயாம்மா, ஒரு பையன் தட்டில் மட்டும் அதை நாலாகப் பிட்டு வைத்தார். ‘இவன் முழுசா வாயில போட்டு முழிப்பான்.’ இந்த அறிவுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது.

குறை இல்லாமலில்லை. 2025-ல் அரசு நிரப்ப முன்வந்த அங்கன்வாடிக் காலியிடங்கள் மட்டும் 7,783. ஒரே டீச்சர் இரண்டு மையத்தைப் பார்த்தால், ஒன்றில் ஆயாம்மா தனியாகத்தான் இருப்பார். சமைப்பதா, பார்ப்பதா?

அதைவிடப் பெரிய சிக்கல் கடிகாரம். ஆத்தூர் சுற்றுவட்டாரம் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, நம்பி நிற்கிறது. ஜவ்வரிசி ஆலையில் தோல் சீவும், களத்தில் மாவு காயவைக்கும் பெண்ணுக்கு வேலை முடிய மாலை ஆகிவிடும். பால்வாடி பிற்பகலிலேயே பூட்டிவிடும். அதுவும் இரண்டு வயசு நிரம்பினால்தான் சேர்ப்பு. இரண்டுக்குக் கீழே? அம்மாயி பார்ப்பாள் என்பது பழைய பதில். அம்மாயிக்கே இப்போது ஐம்பதுதான். அவளும் அதே ஆலையில் இருக்கிறாள். முன்பெல்லாம் ஆலைக் கொட்டகையிலேயே தூளி கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் புகையிலும் புளித்த நெடியிலும் பிள்ளை தூங்கியது. அதைப் பாசத்தோடு நினைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் இல்லாமலா? 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. 2017-ல் திருத்திய மகப்பேறு சட்டம் ஆண், பெண் சேர்த்து ஐம்பது பேர் என்றது. சின்ன ஆலைகள் பல இந்த எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை. ஆகவே, பத்துப் பெண்கள் வேலை செய்யும் அப்படிப்பட்ட ஆலையில் சட்டப்படி ஒரு தொட்டில்கூடத் தேவையில்லை. ஆனால் 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது: பல நிறுவனங்கள் கைகோத்துப் பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம். மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்திலும் ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகத்துக்கு இடம் உண்டு.

ஜவ்வரிசியை நல்ல விலைக்கு விற்க 1981-லேயே சேகோசர்வ் என்று கூட்டுறவு கண்ட ஆலைக்காரர்கள் இந்த வட்டாரத்துக்காரர்கள். இடைத்தரகர்களைச் சமாளித்தவர்களுக்கு, நாலு ஆலைக்கு நடுவில் இருக்கும் ஒரு பால்வாடியில் கூடுதலாக இரண்டு ஆயாம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து மாலை ஆறரை வரை திறந்து வைப்பது பெரிய காரியமல்ல. நகராட்சியும் கோட்டாட்சியரும் அவர்களை ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும்.

அது நடக்கும்வரை, இடம் தேடும் பெற்றோருக்கு ஒன்று. காலை பத்து மணிக்குப் போகாதீர்கள்; அப்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் இரண்டரைக்கு, சொல்லாமல் போங்கள். பிள்ளைகள் தூங்கும் நேரம். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.