பெரட்டில் பேர் இருக்கிறதா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடிவதற்கு முன்பே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். பேர் விழவில்லையென்றால், அன்று நாள் முழுக்கப் பால் வெட்டினாலும் கணக்கில் வராது. ஒருநாள் அப்பாவின் பேர் அப்படித்தான் விடுபட்டுப்போனது. ஒரு நாள் சம்பளத்துக்காக அவர் ஆபீஸ் வாசலில் நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஞாபகத்தைக் கிளப்பிவிட்டது ஒரு கைப்பேசி அழைப்பு. பேசியவர் எங்கள் தோட்டத்து அக்கா.

"தம்பி, நம்ம முறுக்கு கூகுள்ல இல்லையாம்டா. தேடிப் பார்த்தவங்க சொல்றாங்க. காசு கட்டித்தானே வெப்சைட் போட்டேன்?"

ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையில் இருந்தது எங்கள் தோட்டம். அது விற்கப்பட்ட பிறகு அக்கா பக்கத்துத் தாமானுக்குக் குடிபோனார். வீட்டின் பின்கட்டை அடுப்படியாக்கி முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய் உருண்டை செய்து விற்கிறார். மாவு பிசையும் இயந்திரத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறார். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில் வரும் பணம்தான் அந்தக் கடனை அடைக்கும். இணையத்தளத்துக்கு ஒரு நிறுவனம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி வாங்கியிருந்தது. முப்பதே நாளில் கூகுளின் முதல் பக்கம் என்று வாக்கும் கொடுத்திருந்தது.

இணையத்தளங்களுக்கு எழுதிக் கொடுப்பதும், எழுதியதைப் பராமரிப்பதும்தான் என் பிழைப்பு. 2024 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

'சிரம்பானில் சிறந்த முறுக்கு, நீலாயில் சிறந்த முறுக்கு, போர்ட்டிக்சனில் சிறந்த முறுக்கு' என்று ஊர் ஊராக ஒரே வரி. அதன் கீழே, மூன்று தலைமுறையாகச் செட்டிநாட்டில் பலகாரம் செய்யும் குடும்பம் என்று ஒரு கதை. அக்காவின் தாத்தா சேலத்திலிருந்து பால் வெட்ட வந்தவர். யாருடைய பக்கத்திலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். விலைப்பட்டியல் முழுவதும் ஒரு படமாக இருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், இணைய முகவரி அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. அதைத் திரும்ப வாங்கவே இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு யாராவது இணையத்தளம் செய்து தந்தால், வடிவம் அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். நிலப்பட்டாவைப் போன்றது அது.

கூகுள் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய கிராணியின் வேலைதான். அதன் நிரல்கள் இணையப் பக்கங்களுக்குப் போய், எழுதியிருப்பதைப் படித்துத் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொள்கின்றன. நாம் தேடும்போது அந்தப் பதிவேட்டிலிருந்துதான் விடை வருகிறது. பதிவேட்டில் ஏறாத பக்கம் இருந்தும் இல்லாததுதான். நம் பக்கம் ஏறியிருக்கிறதா, எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்பதைப் பார்க்க 'சர்ச் கன்சோல்' என்ற வசதியைக் கூகுளே இலவசமாகத் தருகிறது. அந்த நிறுவனம் அதை அக்காவிடம் சொல்லவே இல்லை.

ஒரே சொல்லை நூறு முறை எழுதி முன்னுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. 2006-இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளம், 'பழைய கார்' என்ற சொல்லைத் திணித்த பக்கங்களைத் தேடுபொறிக்கென்று தனியாகச் செய்து வைத்திருந்தது. கூகுள் அந்தத் தளத்தையே பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பக்கங்களை எடுத்த பிறகுதான் மறுபடி சேர்த்தது. பக்கத்தின் பின்னால் ஒளித்து எழுதும் குறிச்சொல் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இல் அறிவித்தது. 2011-இல் 'பாண்டா' என்ற மாற்றம், ஒப்புக்கு எழுதிக் குவித்த தளங்களைக் கீழே தள்ளியது. 2024 மார்ச்சில், தேடல் வரிசைக்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களுக்கு எதிராக விதியை இறுக்கியது. அவற்றை மனிதர் எழுதினாலும் சரி, இயந்திரம் எழுதினாலும் சரி. பிஎம்டபிள்யூவுக்கே அந்தக் கதி என்றால், நம் முறுக்குக்கடை எம்மாத்திரம்!

"அப்போ என்னதான்டா எழுதுறது?" என்றார் அக்கா.

"போன்ல உங்ககிட்ட என்னக்கா கேக்குறாங்க?"

அக்கா உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஆர்டர்களோடு, கேட்டவர்களின் கேள்விகளையும் அதில் குறித்து வைத்திருந்தார். எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? எந்த எண்ணெய்? அச்சுமுறுக்கில் முட்டை உண்டா? சிங்கப்பூருக்கு அனுப்பினால் உடையுமா? குறைந்தது எத்தனை டின் எடுக்க வேண்டும்?

பக்கத்துக்கு வேண்டியது அந்த நோட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா சொன்ன பதிலை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். முன்பு எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'முகப்பு' என்றே இருந்தது. அதை 'ரந்தாவ் வீட்டு முறுக்கு: விலையும் ஆர்டர் முறையும்' என்பதுபோல, உள்ளே இருப்பதைச் சொல்லும் தலைப்பாக மாற்றினேன். படமாக இருந்த விலைப்பட்டியலை எழுத்தாக்கினேன். கோயில் திருவிழா அழைப்பிதழைப் படமாக்கிப் புலனத்தில் அனுப்பினால் மட்டும் போதும் என்று நினைக்கும் நிர்வாகத்தினரும் இதைக் கவனிக்கலாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடல் வருவதில்லை. தேதியையும் இடத்தையும் எழுத்தாகவும் போட்டு வையுங்கள்.

தமிழில் எழுதினால் தேடலில் வருமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் சிரமமாகத்தான் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. தேடுபொறிக்கு எல்லாமே கிறுக்கல். 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். 1991-இல் யூனிகோடில் தமிழ் இடம்பெற்று, பிறகு அது பரவலானதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் நம் வாடிக்கையாளர்கள் ஒரே மொழியில் தேடுவதில்லை. ஆங்கில எழுத்தில் இரண்டு 'கே' போட்டு முறுக்கைத் தேடுபவர் உண்டு, ஒரு 'கே' போடுபவர் உண்டு. மலாய்க்காரர்கள் 'மாருக்கு' என்றும் எழுதுவார்கள். எழுத்துப்பிழைகளையெல்லாம் பக்கத்தில் கொட்ட வேண்டாம். அவற்றைக் கூகுளே பெரும்பாலும் புரிந்துகொள்ளும். தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பக்கமாக இயல்பாக எழுதினால் போதும்.

பெயரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாமானுக்கு மேம்பாட்டாளர் வைத்த பெயர் கடிதத்துக்கு உதவும். ஊர்க்காரர்கள் வாயில் வருவது தோட்டத்தின் பெயர்தான். நம் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள்: லின்சம், கெர்பி, பிராட்வால். பள்ளிக்குப் பெயர் தந்தது தோட்டம். அதனால் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்திலிருந்த செட்டிநாட்டுக் கதையை எடுத்துவிட்டு, அக்கா எந்தத் தோட்டத்தில் பிறந்தார், யாரிடம் முறுக்கு சுற்றக் கற்றார் என்று எழுதினேன். துரை வைத்த பெயரையும் நம்மவர்கள் கூப்பிட்ட பெயரையும் சேர்த்தே எழுதினேன்.

முப்பது நாளில் ஒன்றும் நடக்கவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் ஒவ்வோர் அழைப்பாக வரத் தொடங்கியது. 2024 தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. அக்டோபர் 20 வரை ஆர்டர் எடுப்போம் என்று பக்கத்தில் போட்டோம். அந்த வருடம் கடன் தவணை தவறவில்லை.

அடுத்த வருடம் தவறு என்னுடையது. 2025 தீபாவளி அக்டோபர் 20. நான் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து அழைத்து நாற்பது டின் கேட்டார்கள். முடியாது என்று அக்கா சொன்னதும், "கடைசி நாள் இருபது என்று நீங்கள்தானே போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். தேடலில் முன்னால் வந்த பக்கம் பொய் சொல்லிவிட்டது. நாற்பது டின்னும் போனது, அந்த வாடிக்கையாளரும் போனார். அக்கா என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "பரவாயில்லடா, நீயும் எத்தனையைத்தான் பார்ப்பே" என்றார்.

எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பால்மரம் நட்டவர்கள் களை எடுக்காமல் விட்டதில்லை. இப்போது மாதத்தின் முதல் தேதியன்று விலை, விடுமுறை, தொலைபேசி எண், கூகுள் வரைபடத்தில் கடை நேரம் ஆகியவற்றைச் சரிபார்க்கிறோம். தீபாவளிப் பக்கத்தை வருடா வருடம் புதிதாகத் தொடங்காமல், அதே முகவரியில் தேதியை மட்டும் மாற்றுகிறோம். அந்த முகவரிக்கு ஏற்கெனவே கிடைத்த இடம் வீணாகாது. நோட்டில் புதிய கேள்வி விழுந்திருந்தால் அதையும் சேர்க்கிறோம்.

போன மாதம் ஜொகூரிலிருந்து ஓர் அம்மாள் அக்காவை அழைத்தார். தோட்டத்தின் பெயரை, நம்மவர்கள் கூப்பிட்ட பெயரை, பேரன் கைப்பேசியில் தட்டித் தேடியிருக்கிறான். வந்து நின்றது முறுக்குப் பக்கம். அந்த அம்மாள் பிறந்தது எங்களுக்கு இரண்டு லயம் தள்ளி. அரை மணி நேரம் பேசிவிட்டு இரண்டு டின் ஆர்டர் செய்திருக்கிறார்.

அக்கா அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கேள்வி என்ற இடத்தில், 'நம்ம கோயில் இன்னும் இருக்கா?' என்று இருக்கிறது. வரும் முதல் தேதிக்கு அதற்கும் பதில் எழுதப் போகிறோம்.