மண்ணீரலும் சோகையும்

உண்ட உணவைச் சாரமாக்குவது மண்ணீரலே என்பர் சீன வைத்தியர். அதன் உயிராற்றல் குன்றின் பசியின்மையும் கழிச்சலும் தளர்ச்சியும் தோன்றுமாம். லி துங்யுவான் 1249-இல் இதனைத் தனி நூலாகவே விரித்தார். நம்மவர் கூறும் அக்கினி மந்தத்திற்கு இஃது அணித்து, கற்கத் தக்கதே.

எனினும், கூடலூரில் வெளிறித் தளர்ந்த பணியர் சிறுவனொருவனைக் கண்டு இப்பெயரிட்டு அமைதல் தகாது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணுக் கூறு உண்டென்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் வெளியிட்டனர். அந்நோயில் வளைந்த செவ்வணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை அடைக்கும். நாளடைவில் அது செயலிழக்க, தொற்றுநோய்கள் எளிதிற் பற்றும். சிலபோது குருதி திடீரென அதனுள் தேங்க, குழந்தை சில மணி நேரத்தில் இறத்தலும் கூடும். நாடி பிடித்து இதனை அறிதல் இயலாது. குருதிச் சோதனை முந்துக; கஷாயம் பிந்துக.