தேதியை ஒப்பிக்க வேண்டாம்!



காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உங்கள் பள்ளியிலும், 'வரலாற்றில் இன்று' வாசிப்பார்கள் அல்லவா? திருக்குறள், பொன்மொழி, செய்திகள் எல்லாம் முடிந்ததும், ஒரு மாணவர் மைக் முன் வந்து நிற்பார். இதே நாளில் நடந்தவை என்று, எட்டு, பத்து நிகழ்ச்சிகளை மூச்சு விடாமல் படிப்பார். எல்லாரும் கை தட்டுவீர்கள். வகுப்பில் போய் உட்கார்ந்ததும், 'அதில் ஒன்றைச் சொல்' என்று ஆசிரியர் கேட்டால், யாருக்கும் நினைவிருக்காது!

படித்தவரையும் குறை சொல்ல முடியாது. கேட்டவரையும் குறை சொல்ல முடியாது. வெறும் தேதி மனதில் ஒட்டாது, அவ்வளவு தான்.

எனவே, என் கருத்து இது: தினமும் பத்து நிகழ்ச்சிகள் வேண்டாம். ஒன்றே ஒன்று போதும். ஆனால், அந்த நாளுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் என்கிறீர்களா? செப்டம்பர் 15ம் தேதியை எடுத்துக் கொள்வோம். எங்கள் காஞ்சிபுரத்துக்கு மிக முக்கியமான நாள் அது. வழக்கமான பட்டியல் இப்படி இருக்கும்:

* 1830 - இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை திறப்பு.

* 1835 - டார்வின் பயணம் செய்த 'பீகிள்' கப்பல், கலாபகஸ் தீவுகளை அடைந்தது.

* 1909 - அறிஞர் அண்ணா காஞ்சிபுரத்தில் பிறந்தார்.

* 1959 - டில்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது.

* பொறியாளர் விசுவேசுவரய்யா பிறந்த நாள். இந்தியாவில் பொறியாளர் நாள்.

ஐந்தே வரிகள். அரை நிமிடத்தில் படித்து விடலாம். இவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

ரயில் வந்தது!

லிவர்பூல் ஒரு துறைமுகம். கப்பலில் வரும் பஞ்சு மூட்டைகள் அங்கே வந்து இறங்கும். மான்செஸ்டரில் நூற்பாலைகளும், துணி ஆலைகளும் இருந்தன. பஞ்சை ஆலைக்கும், துணியைத் துறைமுகத்துக்கும் வேகமாகக் கொண்டு போக ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காகவே முக்கியமாக இந்த ரயில் பாதையைப் போட்டனர்.

ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1814ம் ஆண்டிலேயே நீராவி இன்ஜின் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். அதன் பின், பல ஆண்டுகள் உழைத்தார். 1829ம் ஆண்டு நடந்த போட்டியில், அவரும் அவர் மகன் ராபர்ட்டும் உருவாக்கிய 'ராக்கெட்' இன்ஜின் வென்றது. அடுத்த ஆண்டு தான் திறப்பு விழா. அந்த விழா நாளிலேயே, வில்லியம் ஹஸ்கிசன் என்ற பார்லிமென்ட் உறுப்பினர், அதே ராக்கெட் இன்ஜின் மோதி இறந்து போனார்.

அதற்குப் பின்? 26 ஆண்டுகள் கழித்து, 1856 ஜூலை 1ல், சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. இது நமக்குக் கிடைத்த நன்மை. இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் ஆலைத் துணிகள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்து, மலிவு விலையில் விற்கப்பட்டன. அதனால், நம் நாட்டுக் கைத்தறி நெசவாளர்கள் பலர் பிழைப்பை இழந்தனர். 'ரயில் பாதை திறப்பு' என்ற ஒரு வரியில் இதெல்லாம் தெரியுமா? தறிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைகள், இதைத் தெரிந்து கொள்ள வேண்டாமா?

பறவை சொன்ன பாடம்!

கலாபகஸ் தீவுகளை அடைந்த போது, டார்வினுக்கு வயது 26. அங்கே பல பறவைகளைச் சேகரித்தார். ஆனால், அவற்றின் சிறப்பு அவருக்கு அப்போது புரியவில்லை. சில பறவைகளை எந்தத் தீவில் பிடித்தார் என்பதைக் கூட, சரியாகக் குறித்து வைக்கவில்லை!

1837ம் ஆண்டு, லண்டனில் ஜான் கோல்டு என்ற பறவை நிபுணர் அவற்றை ஆராய்ந்தார். 'இவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ளவை; ஆனாலும் தனித்தனி இனங்கள்' என்று கூறினார். அதன் பிறகு தான், டார்வினின் சிந்தனை வேகம் பிடித்தது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது புகழ் பெற்ற நூல் வெளிவந்தது 1859ல். தீவுக்குப் போய் 24 ஆண்டுகள் ஆகி விட்டன! பார்த்தீர்களா, பெரிய கண்டுபிடிப்புகள் ஒரே நாளில் நடந்து விடுவதில்லை.

பிறந்த நாளில் என்ன சாதனை?

பிறந்த அன்று எந்தக் குழந்தையும் சாதனை செய்வதில்லை. அழ மட்டும் தான் செய்யும்! ஆகவே, ஒருவரின் பிறந்த நாளைச் சொன்னால் மட்டும் போதாது. பிறகு அவர் எப்படி வளர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணா, நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். காஞ்சிபுரம் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வீட்டில் வசதி போதாததால், படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு மீண்டும் படித்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ., பட்டம் பெற்றார். 1942ல், காஞ்சிபுரத்தில், 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 1962ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில், சொந்த ஊரிலேயே தோற்றுப் போனார். ஐந்தே ஆண்டுகளில், 1967ல் முதல்வர் ஆனார்! நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர், 1969 ஜனவரி 14ல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம், பிப்ரவரி 3ல் அவர் மறைந்தார். 2010ம் ஆண்டு, அவர் பிறந்த நாளில், சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது.

படிப்பை இடையில் விட்ட ஒரு பிள்ளைக்கும், தேர்வில் தோற்று வருந்தும் ஒரு பிள்ளைக்கும் தெம்பு தருவது எது? 1909 என்ற எண்ணா? மீண்டும் படிக்கப் போனாரே, தோற்ற பின்னும் எழுந்தாரே, அதுவா? நீங்களே சொல்லுங்கள்!

'ஐயா, வினாடி வினாப் போட்டியில் தேதியைத் தானே கேட்கின்றனர்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதை மனதில் பதிந்தால், தேதியும் தானாகப் பதியும். தேதியை மட்டும் மனப்பாடம் செய்தால், போட்டி முடிந்ததும் இரண்டுமே மறந்து விடும்.

பட்டுப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பது ஒரு நாளில் தான். அதற்காக, அந்தப் புடவையை ஒரே நாளில் நெய்து விட்டனர் என்று யாராவது சொல்வார்களா? சாயம் தோய்த்தவர், பாவு தயாரித்தவர், தறியில் உட்கார்ந்தவர் என்று எத்தனை பேரின் எத்தனை நாள் உழைப்பு! வரலாற்றுத் தேதிகளும் அப்படித் தான்.

தேதியே இல்லாத பெரிய சாதனைகளும் உண்டு. காஞ்சிப் பட்டில், புடவையின் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே உறுதியாகப் பிணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். இதை முதலில் நெய்தவருக்குப் பிறந்த நாள் விழா இல்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. கைலாசநாதர் கோவிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன் பெயர் நமக்குத் தெரியும். உளி பிடித்த சிற்பிகளின் பிறந்த நாள் யாருக்குத் தெரியும்? எனவே, வாரத்தில் ஒரு நாளாவது, பட்டியலில் இல்லாத உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லுங்கள். தாத்தா, பாட்டியைக் கேட்டால், சொல்வதற்கு நிறைய வைத்திருப்பார்கள்!

பட்டியலில் இரண்டை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன். டில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு வந்தது 1975ல் தான். ஏன் 16 ஆண்டுகள் ஆயின? விசுவேசுவரய்யா, 1903ம் ஆண்டு, புனே அருகே கடக்வாஸ்லா அணையில் தானியங்கி மதகுகளை அமைத்தார். அதனால் என்ன பயன்? பள்ளி நூலகத்தில் தேடுங்கள். ஒரு தாளில், 'முன்னால், அந்த நாளில், பின்னால்' என்று மூன்று பத்தி எழுதுங்கள். அடுத்த முறை மைக் முன் நிற்கும் போது, அதை நிதானமாகப் படியுங்கள். கூட்டம் முழுவதும் காது கொடுத்துக் கேட்கும்!

செய்வீர்கள் தானே?