எதை எழுதுவது, எதை விடுவது?

விஜயபுரத்தில் வசிக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சென்ற கோடை விடுமுறையில் என்னைக் காண வந்தான். அவனுடைய தாத்தா திருத்தணிப் பக்கத்திலிருந்து தறி வேலைக்காக வந்து குடியேறியவர். பையன் இயந்திரவியலில் பட்டயப் படிப்பு முடித்தவன். வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக எழுதிய தன்விவரக் குறிப்பை என்னிடம் நீட்டி, படித்துப் பார்க்குமாறு வேண்டினான்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, ஆண்டுகள்தாம் பொருந்தவில்லை. படிப்பு முடிந்ததும், தந்தைக்கு உடல்நலம் குன்றியதால், அவன் நகரியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்ததை நான் அறிவேன். குறிப்பில் அந்த இரண்டு ஆண்டுகளைக் காணோம். அதன்பின் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றிய பதினான்கு மாதங்கள் மூன்று ஆண்டுகளாக நீண்டிருந்தன. கல்லூரி நாளில் ஒரு திருமண மண்டபத்தில் நான்கு நாள் பந்தி பரிமாறியதோ, ‘விருந்தோம்பல் துறை அனுபவம்’ என்று கம்பீரமாக நின்றது!

“தறிக்கூடத்தில் இருந்தேன் என்று எழுதினால் யார் மதிப்பார்கள், அம்மா?” என்றான்.

மாணவர்களே, அவனுக்கு நான் கூறியதையே உங்களுக்கும் கூறுகிறேன். கணித மேதை இராமானுஜன் 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். அப்போது அவரிடம் பட்டம் இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் வெற்றி பெறாதவர். மறைக்க வேண்டும் என்று எண்ணியிருந்தால் மறைப்பதற்கு நிறையவே இருந்தது.

அவர் என்ன செய்தார்? மெட்ரிகுலேஷன் தேறியதை எழுதினார். எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலையால் படிப்பு தடைப்பட்டதையும் எழுதினார். இடையில் கழிந்த காலம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிட்டதாகக் கூறினார். தோற்றதை அவர் விரித்துரைக்கவில்லை. ஆனால், தேறியதாகவும் சொல்லவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அரசுக் கணக்காயர் அலுவலகத்தில் சில வாரங்கள் பார்த்த தற்காலிக வேலையை அவர் குறிப்பிடவே இல்லை. அதனால் குறை ஒன்றும் நேரவில்லை. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் துணைநிற்க, மார்ச் 1ஆம் நாள் முப்பது ரூபாய் மாதச் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும் தம்மை எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். ஆண்டுக்கு இருபது பவுன் மட்டுமே சம்பளம், பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பவற்றையும் சேர்த்தே எழுதினார். ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தமக்கு ஏறத்தாழ 23 வயது என்று அதில் குறித்தார். 1887 டிசம்பர் 22இல் பிறந்தவருக்கு அப்போது 25 முடிந்திருந்தது. மேதையிடம் கற்றுக்கொள்ள எத்தனையோ இருக்க, இதை அவரோடு விட்டுவிடுவோம்.

செய்த வேலைகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும் என்பது என் கருத்தன்று. நான்கு நாள் பந்தி வேலையைத் தயங்காமல் நீக்கலாம். ஆனால், ஒன்றை விட்டதற்காக மற்றொன்றின் ஆண்டை மாற்ற நேர்ந்தால், அந்த இடத்தில் பொய் தொடங்கிவிடுகிறது. இக்காலத்தில் அது நிலைப்பதும் இல்லை. தொழிற்சாலைப் பணியாளரின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகின்றன. பதினான்கு மாதங்கள் அங்கே பதினான்கு மாதங்களாகவே இருக்கும்.

நானும் பி.எட். முடித்து ஒன்றரை ஆண்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவள்தான். ஆசிரியர் பணிக்கான நேர்முகத் தேர்வில் அதைச் சொல்ல முதலில் கூசினேன். தேர்வாளர்களோ இலக்கணத்தைவிட அந்தக் கடையைப் பற்றியே அதிகம் கேட்டார்கள். பண்டிகைக் கூட்டத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று வினவினார்கள். வகுப்பறையைச் சமாளிப்பேனா என்பதே அவர்களுடைய ஐயம் போலும்.

மாணவன் அங்கேயே அமர்ந்து குறிப்பைத் திருத்தினான். தொழிற்சாலைக்குரிய மாதங்களைச் சரியாக இட்டான். தறிக்கூடத்திற்கு எதிரே ‘தார் சுற்றுதல், இரண்டு ஆண்டுகள்’ என்று எழுதி நிறுத்தினான். வேறு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். தறி நின்றுபோனால் மோட்டாரைப் பிரித்துப் பழுது பார்ப்பதுண்டு, கடைசி ஓராண்டு அதையும் தானே கவனித்ததாகச் சொன்னான்.

“இயந்திரவியல் படித்தவன், இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே?” என்றேன்.

“அதற்குத் தனிச் சம்பளம் இல்லை, அம்மா. அதையும் ஒரு வேலை என்று நான் நினைக்கவில்லை” என்றான்.