ஒப்புக்குச் சப்பாணிகள் எங்கே போவார்கள்?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்ட இடம் இருக்காது. பேட்மிண்டன், ஸ்கேட்டிங், கராத்தே, செஸ், அபாகஸ், ரோபோட்டிக்ஸ். எல்லாமே சம்மர் கேம்ப். எல்லா நோட்டீஸிலும் கடைசி வரி கிட்டத்தட்ட ஒன்றுதான்: முடிவில் டோர்னமென்ட், மெடல், சர்டிபிகேட்.

போன வருஷம் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். பதினோரு வயது. வேகமாக ஓட வராது, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். மற்றபடி வாய் ஓயாமல் பேசுகிற பையன். நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இதுல எதுல தோத்தா பரவாயில்ல?”

எட்டாவது மாடி வரைக்கும் யோசித்தேன். பதில் இல்லை.

நானும் அந்த வகைதான். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவில் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சி நிற்பவன் நான். “இவன நீயே வச்சுக்கோடா” என்று இரண்டு கேப்டன்களும் பெருந்தன்மை காட்டுவார்கள். ஆனால் அந்தத் தெருவில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கண்ணாமூச்சியோ, ஓடிப்பிடித்தலோ, சின்னப்பிள்ளைகளையும் ஓட முடியாதவர்களையும் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடிபட்டால் மட்டும் அவுட் கிடையாது. இன்று கேட்டால் உறுத்தும் சொல்தான். உடல் குறையைக் கேலியாக்கும் சொல். சொல்லைத் தூக்கிப் போடுங்கள். அதற்குள் இருந்த விதியை மட்டும் கவனியுங்கள்: ஆட்டத்தில் இருப்பதற்குத் திறமை நிபந்தனை இல்லை.

அந்த விதியைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். தெரு போய் கோச்சிங் வந்தது. கோச்சிங்குக்குக் காசு கட்டுகிறோம், கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்கிறோம். பெல்ட் நிறம் மாறியதா, லெவல் ஏறியதா, டிஸ்ட்ரிக்ட் ஆடுவானா? 2024இல் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சென்னைப் பையன் ஜெயித்ததால் மீதிப் பிள்ளைகள் சும்மா செஸ் ஆடும் உரிமையை இழக்க வேண்டுமா?

பத்து முதல் பதின்மூன்று வயதுவரை இது இன்னும் மோசம். சறுக்குமரத்தில் ஏறினால் “இவ்ளோ பெரிய பையன்” என்று வாட்ச்மேன் விரட்டுவார். தனியாக வெளியே சுற்ற வீட்டில் விடமாட்டார்கள். சரியாக அந்த வயதில்தான் அண்டர்-லெவன், அண்டர்-தர்ட்டீன் என்று சலிக்கவும் ஆரம்பிக்கிறோம். சலிப்பில் விழுந்த பிள்ளை வீட்டுக்குப் போகிறது, போனை எடுக்கிறது. பிறகு நாம் கூடி உட்கார்ந்து போனைத் திட்டுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் குழந்தைகளுக்கான செயலி ஒன்றுக்கு லீடர்போர்டு எழுதியவன் நான். முதல் பத்துப் பேரின் பெயர் மின்னும். பதினோராவது ஆளுக்கு என்ன காட்டுவது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“உலகமே போட்டிதானே, பழக வேண்டாமா?” என்பார்கள். பிள்ளைகள் அதைப் பழகாமலா இருக்கிறார்கள்? ஸ்கூலில் யூனிட் டெஸ்ட், கிளாஸ் டெஸ்ட், ஒலிம்பியாட். போட்டி போதாமல் எந்தப் பிள்ளையும் வாடவில்லை. இதே பெரியவர்களைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு நடைக்குப் போகும் என் அப்பா தினமும் நாலு நண்பர்களோடு ஒரு சுற்று நடந்துவிட்டு டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். அவருக்கு யாராவது ரேங்க் போடுகிறார்களா? அறுபத்தெட்டு வயதுக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை பதினொன்றுக்கு ஏன் இல்லை? 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. விளையாட்டில் தேர்வானவர்களுக்கு மட்டும் அந்த உரிமை என்று அதில் எங்கேயும் இல்லை.

ஜெயிக்காமலே கூடிச் செய்யும் காரியங்கள் நம்மூரில் இல்லாமலும் இல்லை. மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988இலிருந்து சென்னைக் கடற்கரையில் இரவு நடை போகிறது. பங்குனி ஆமை முட்டைகளைத் தேடுவதில் முதலிடம் ஏது? தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள் இருக்கின்றன. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எழுதினால் போதும்.

இந்த ஜனவரியில் அக்கா மகனையும் பக்கத்து ஃபிளாட் பிள்ளைகள் மூவரையும் பெரும்பாக்கம் ஏரிக்குக் கூட்டிப் போனேன். ஒரே பைனாகுலர், கைமாறிக்கொண்டே இருந்தது. நாமக்கோழி, நீர்க்காகம், கூழைக்கடா. நன்றாகத்தான் போனது. பாழாய்ப்போன என் வாய் சும்மா இருக்கவில்லை. “யாரு லிஸ்ட்ல நிறைய இருக்கு, பார்ப்போம்!”

நாலு பேரும் நோட்டை மறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி பார்க்காத பறவையை எழுதினாள். அக்கா மகன் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டான். ஒரு வார்த்தைதான், ஏரி ஒரு எக்ஸாம் ஹாலாக மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, நாலு நோட்டுக்குப் பதில் ஒரே நோட்டு என்று மாற்றிய பிறகுதான் மறுபடி பேச்சு வந்தது.

அன்றைக்குக் கற்றதை வைத்து இப்போது சனிக்கிழமை மாலை மொட்டைமாடியில் கூடுகிறோம். ஆள் ஏழாகிவிட்டது. கொழுக்கட்டை பிடிப்பார்கள், களிமண் பிசைவார்கள், சில நாள் வெறும் பேச்சு. கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அதற்கு மார்க் இருக்கக் கூடாது, ஒரு வாரம் வராவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது, பெரியவர் ஒருவர் ஓரமாக இருந்தால் போதும். இவ்வளவுதான் விதி. ஒரு அம்மா கேட்டார்: “இதனால என்ன யூஸ் சார்? சர்டிபிகேட் ஏதாவது உண்டா?” கிடையாதுங்க என்றேன். அவர் மகள் அடுத்த வாரமும் வந்தாள்.

அசோசியேஷன்காரர்களே, கிளப் ஹவுஸை எல்லா மாலையும் கோச்சுகளுக்கு வாடகைக்கு விடாதீர்கள். வாரம் ஒரு மாலை, ஒரு அறை, ஒரு பாய் போதும். நூலகங்களே, கோடையில் கதைப்போட்டி வைப்பதுபோலக் கதைகேட்கும் நேரமும் வையுங்கள். பெற்றோரே, பிள்ளை திரும்பி வந்ததும் “ஜெயிச்சியா?” என்று கேட்காதீர்கள். “யாரெல்லாம் வந்திருந்தாங்க?” என்று கேளுங்கள்.

மறுபடி ஏப்ரல் வந்துவிட்டது. லிஃப்டில் நோட்டீஸ்கள் மாறியிருக்கின்றன. அக்கா மகன் இந்த முறை அவற்றைப் படிக்கவில்லை. “மாமா, சனிக்கிழமை உண்டுல்ல?” என்று மட்டும் கேட்டான்.